பெண்ணை அனுப்பும் நேரத்து பில்

கல்யாண மண்டபத்தில் பில்லை எப்போது நீட்ட வேண்டும் என்பது தனி வித்தை. அதில் வலியுல்லா பாயை அடித்துக்கொள்ள தி.நகரில் ஆள் கிடையாது. இதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், வசவாகவும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு எண்ணமும் உண்டு.

நான் குருபிரசாத். மேடை அலங்காரம் என் தொழில். மயிலாப்பூரில் சின்னதாக ஒரு குடோன், ஒரு டாடா ஏஸ். பனகல் பார்க்கிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் குல்பஹார் மஹாலில் முகூர்த்த மாதங்களில் எனக்கு நிறைய வேலை வரும். வெளியாள் உள்ளே வந்து பூ கட்டினால் மண்டபத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அதற்கு ராயல்டி என்று பேர். பாட்டு எழுதியவனுக்குக் கொடுப்பதைத்தான் ராயல்டி என்பார்கள் என்று நினைத்திருந்தேன். சாமந்திப் பூவுக்கும் அது உண்டு என்று எனக்குச் சொன்னவர், அந்த மஹாலின் மேனேஜர் வலியுல்லா பாய்.

ஆள் ஒல்லி. இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் ஒரே முகத்தோடு போகக்கூடியவர். ஐஸ் அவுஸ் பக்கம் வாடகை வீடு, மனைவி அஃப்சருன்னிசா, இரண்டு பெண்கள். மஹாலுக்கு இந்து, முஸ்லிம் எல்லாக் கல்யாணமும் வரும். எல்லோரிடமும் ஒரே குரல்தான்.

மண்டபம் கேட்டு போன் வந்தால் வாடகையை மட்டும் சொல்வார். விவரமான ஆளாக இருந்தால், "வேற எதாச்சும் வருமா பாய்?" என்று கேட்பார்கள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. நம் ஊரில் இந்த வார்த்தையைச் சொன்ன பிறகு மேலே கேட்பது மரியாதை இல்லை. டெய்லர் சொன்னாலும் மெக்கானிக் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிறோம். நீங்கள் பார்க்காத நேரத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். நானும் என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறவன்தான், எனக்குத் தெரியாதா?

அந்த நேரம் எது என்றால், பெண்ணை அனுப்பி வைக்கிற நேரம். முஸ்லிம் கல்யாணத்தில் ருக்ஸத் என்பார்கள். மற்றவர்கள் என்ன பேர் வைத்துக் கூப்பிட்டாலும் நடப்பது ஒன்றுதான். வாசலில் பூ ஒட்டின கார் நிற்கும். பெண் தாயைக் கட்டிக்கொண்டு அழும். பெண்ணின் தகப்பன் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பான். சரியாக அப்போது வலியுல்லா பாய் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். "சார், ஒரு சின்ன செட்டில்மெண்ட்."

ஜெனரேட்டர் தனி, தண்ணீர் லாரி தனி, குப்பை தனி, மணப்பெண் அறையின் ஏசி தனி, வாட்ச்மேன் தனி. காதில் மகள் அழுகிற சத்தம் கேட்கும்போது ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்று எந்தத் தகப்பன் படித்துப் பார்ப்பான்? கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காரைப் பார்த்து ஓடுவான். அந்தப் பணம் முழுக்க முதலாளி கலீமுல்லாவுக்குப் போகும். பாய்க்குச் சம்பளம் மட்டும்தான்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "ஏன் பாய், அந்தப் பொண்ணு அப்டி அழுவுது. உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காது?"

"இன்னா மாதிரி?"

"இல்ல, மூஞ்சியப் பாத்தா..."

"மூஞ்சிய நான் பாக்கவே மாட்டேன் குரு. கையத்தான் பாப்பேன். பர்ஸாண்ட போவுதா இல்லியான்னு. மூஞ்சியப் பாத்தா இந்த வேல செய்ய முடியாது."

எனக்கு அன்று அவர்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அடுத்த வாரமே அவர் சொன்ன ராயல்டியைக் கட்டிவிட்டுப் பூ கட்டினேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் அவருடைய மூத்த பெண் ஜுவேரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சைஃப் ஆதம்பாக்கம். அவர்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்று அங்கேயே ஒரு மண்டபம் பிடித்தார்கள். மேடை என்னுடையது. வெள்ளை ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்து, லாபம் பார்க்காமல் செய்தேன். நிக்காஹ் ஆயிற்று, பிரியாணி ஆயிற்று, கார் வந்து நின்றது. ஜுவேரியா வாசலுக்கு வந்து அம்மாவின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அப்போது அந்த மண்டபத்து மேனேஜர் வலியுல்லா பாயின் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாயின் முகம் மாறியது. ஊரில் உள்ள எல்லாத் தகப்பனும் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிற காகிதத்தை இவர் பிரித்தார். முதல் வரியிலிருந்து படித்தார். தன்னிடமே அந்த வேலையைக் காட்டுகிறானே என்ற ஆத்திரம் அவருக்கு. மேனேஜரைத் தள்ளிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போனார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஜெனரேட்டர் ஓடவே இல்லியேய்யா! காலைலேர்ந்து கரண்ட்டு எப்பய்யா போச்சு? யாராண்ட காட்ற இந்த வேலய?"

வரி வரியாக அடித்தார். மேனேஜர் பாதிக்குப் பாதி இறங்கி வந்தான். அந்த மண்டபத்தின் சரித்திரத்தில் அப்படி ஒருவரும் ஜெயித்திருக்க மாட்டார்கள். திருத்திய பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு பாய் வெளியே வந்தபோது வாசலில் கார் இல்லை. ரோஜா இதழ்கள் கிடந்தன. அஃப்சருன்னிசா அக்காவும் சின்னப் பெண் அஃப்ராவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"போயிட்டா," என்றார் அக்கா.

பாய் பில்லைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "சரி, பந்தில யாருனா பாக்கி கீறாங்களா பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அழுகிறார்கள். மாமன்மார்கள்கூடக் கண்ணைத் துடைக்கிறார்கள். கேமராக்காரன் பெண்ணின் தகப்பனைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். பின்னாலிருந்து ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்று ஒரு குரல் மட்டும் கேட்கிறது. ஜுவேரியா அதை ஒரே ஒருமுறை பார்த்தாளாம். அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. வருவாள், போவாள், சாப்பிட்டீங்களா அத்தா என்று கேட்பாள், வர்றேன் அத்தா என்பாள். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு கிடையாது. இதை அக்கா என்னிடம் சொன்னபோது, திட்டித் தீர்த்திருக்கலாமே அந்தப் பெண் என்று தோன்றியது.

பாய் திரும்ப வேலைக்கு வந்தார். பழையபடி பில் கொடுத்தார். பழையபடி கையைப் பார்த்தார்.

பிறகு சண்முகசுந்தரம் அண்ணாச்சி வந்தார். தி.நகரிலேயே ஜவுளிக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். மகள் முத்துலட்சுமியின் கல்யாணத்தை குல்பஹாரில் நடத்தினார். பெண் கார் ஏறுகிற நேரத்தில் பாய் நீட்டிய பில்லுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பணம் கொடுத்தவர், வீட்டுக்குப் போய் அதைப் படித்திருக்கிறார். அதில் ஒரு வரி: கோலம் அழித்த கூலி. கோலத்தைப் போட்டது அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி அதை அப்படியே விடாமல் நேராக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டார்.

காலம் அப்போது மாறிக்கொண்டிருந்தது. ஹோட்டல்காரர்கள் பில்லில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக ஏற்றக் கூடாது, ஆன்லைனில் முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசி நொடியில் வேறு விலையைக் காட்டக் கூடாது என்றெல்லாம் அரசாங்கம் சொல்வது பேப்பரில் வந்தபடி இருந்தது. முதலாளியின் மருமகன் பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். அவன் வந்து விளக்கினான். "மாமா, இதுக்குப் பேரு ட்ரிப் ப்ரைசிங். சொட்டுச் சொட்டா வெலைய ஏத்துறது."

"ட்ரிப்ஸா?" என்றார் பாய். "ஆஸ்பத்திரில ஏத்துவாங்களே, அதுவா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

விசாரணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள், நான் ஏற்கெனவே கட்டிய ராயல்டியை அண்ணாச்சியின் பில்லிலும் ஒரு வரியாக ஏற்றியிருந்ததால். மீட்டர் ரீடிங் எடுத்து முடிக்க நேரமாகும், அதனால்தான் கடைசியில் பில் என்று சொல்லும்படி மஹாலின் வக்கீல் பாய்க்குப் பாடம் எடுத்திருந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அண்ணாச்சி எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், எனக்கு அந்தப் பணம் பெருசில்ல கேட்டீயளா," என்றார். "எம்மவ போன அன்னைக்கு ஒரு தகப்பன் வீட்டுல போயி உக்காந்து அழணும்லா? நான் உங்க பில்ல வச்சுக்கிட்டு, ஜெனரேட்டருக்கு இவ்வளவா, கோலத்துக்கு இவ்வளவான்னு விடிய விடியப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கோவம் வந்துட்டு. அழுகயே வரல. அதையும்லா நீங்க எடுத்துக்கிட்டீய."

 பாய் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

இப்படிப்பட்ட விவகாரம் பெரும்பாலும் எழுத்திலேயே முடிந்துவிடும். அன்று அமர்வில் இருந்த நீதிபதி அம்மா பாயையே நிற்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். முன்பதிவின்போது சொல்லாமல், பெண் புறப்படும் நேரத்தில் பில் கொடுக்கக் காரணம் என்ன?

வக்கீல் தொண்டையைச் செருமினார். பாய் நேராகப் பார்த்துச் சொன்னார். "அப்பதாம்மா படிக்க மாட்டாங்க."

வக்கீல் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இறங்கி வரும்போது நான் கேட்டேன், ஏன் பாய் இப்படிப் பண்ணீங்க என்று. "கேட்டாங்க, சொன்னேன்," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கிண்டி வந்தது, சைதாப்பேட்டை வந்தது. அவர் எதையும் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

உத்தரவு வந்தது. வாங்கிய அதிகப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். இனிமேல் எல்லாச் செலவையும் சேர்த்து ஒரே தொகையாக, புக்கிங் அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். கல்யாணத்தன்று ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. முதலாளி கலீமுல்லா மஹால் அதிரக் கத்தினார். ஆனால் பாயை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு யார் வருவார்கள்? ஆபீஸில் கட்டணப் பலகை மாட்டினார்கள். பாத்துக்கலாம் என்ற வார்த்தையை போனில் சொல்லவே கூடாது என்று ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார்கள். மொத்தத் தொகை என்னவோ பழையதேதான். முன்னாலேயே தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கேட்டுச் சிலர் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் நிம்மதியாகக் கல்யாணம் செய்தார்கள்.

பாய்க்குத்தான் அந்த நேரத்தில் வேலை இல்லாமல் போயிற்று. பெண்ணை அனுப்புகிற சத்தம் வாசலில் கேட்க ஆரம்பித்ததும் எழுந்திருப்பார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். திரும்ப உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வெளிய வந்து பாருங்களேன் பாய். சும்மாதான இருக்கீங்க."

"அதுல பாக்கறதுக்கு இன்னா கீது?" என்பார்.

போன வருஷம் சின்னப் பெண் அஃப்ராவின் கல்யாணம் குல்பஹாரிலேயே முடிவாயிற்று. முழுத் தொகையும் முன்கூட்டியே கட்டி, ரசீது வாங்கி வைத்துவிட்டார் பாய். நான் பூவுக்கு அளவெடுக்கப் போனபோது அஃப்ரா அங்கே இருந்தாள். அவள் அக்கா மாதிரி இல்லை, எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் பேசிவிடுவாள்.

"அத்தா, கார்கிட்ட நீங்க நிக்கணும். அக்காவுக்குப் பண்ண மாதிரி எனக்கும் பண்ணீங்க, நான் வண்டில ஏறவே மாட்டேன்."

"நான் எங்க போவப்போறேன்?" என்றார் பாய்.

அவள் போன பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "பெரியவளுக்குச் செய்யாதத இவளுக்காச்சும் செய்யணும் குரு. அன்னிக்கு வுட்டுட்டேன்." அத்தனை வருஷத்தில் அந்த விஷயத்தை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

கல்யாணத்தன்று சாப்பாடு முடிவதற்கு முன்பே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். வெயில். யாரோ உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள், அசையவில்லை. இரண்டு கையும் தொங்கியபடி இருந்தன. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அஃப்ரா வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், கடைசியில் இவரிடம் வந்தாள். பாய் அவள் தலையில் கை வைத்து துஆ ஓதினார். முதுகில் தட்டினார். கதவைச் சாத்தினார். கார் போயிற்று. எல்லாம் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தது. அவர் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்ணும் தோணல குரு," என்றார். "அவ அழுவுறா. நான் ஜெனரேட்டர் ஓடுற சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக்கினு கீறேன். இன்னா மனுசன் நான்?"

 எல்லாருக்கும் அப்படித்தான் பாய் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மாலையில் நான் மேடையைப் பிரித்துவிட்டு டீ குடிக்க வாசலுக்கு வந்தேன். ஜுவேரியா கிளம்பிக்கொண்டிருந்தாள். சைஃப் தன் அம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டிருந்தான். இவள் தோளில் கைக்குழந்தை தூங்கியது, கையில் பிரியாணி டப்பா. போனில் ஆட்டோ சொல்லியிருந்தாள். வந்து நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"ஆப்புல காட்டறதுக்கு மேல அம்பது ஆவும்மா. ஆதம்பாக்கத்துலேர்ந்து காலியாத் திரும்பி வரணும்."

நான் பாயைப் பார்த்தேன். இதற்கு அவர் விடவே மாட்டார், இனிமேல் அரை மணி நேரம் வேடிக்கைதான் என்று டீயை ஒரு பக்கமாக வைத்தேன். அவர் வாயே திறக்கவில்லை. பிரியாணி டப்பாவை வாங்கி உள்ளே வைத்தார். ஜுவேரியா ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வர்றேன் அத்தா."

"பத்திரமாப் போ."

"சரித்தா. கைய எடுங்க, வண்டி கெளம்பணும்."

கை கம்பியிலேயே இருந்தது. "ஜுவேரி," என்றார். "அன்னிக்கு நான்..." மேலே வரவில்லை.

ஜுவேரியா அவரைப் பார்த்தாள். அழுகிற மாதிரியோ கோபப்படுகிற மாதிரியோ இல்லை. தினமும் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"உங்க கொரலு கார் வரைக்கும் கேட்டுச்சுத்தா. ரெண்டே நிமிஷம் நிறுத்துங்க, எங்கத்தா வந்துடுவாருன்னு சொன்னேன். நேரமாச்சுன்னு எடுத்துட்டாங்க."

பாய் அழுதார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.  உள்ளேயிருந்து அஃப்சருன்னிசா அக்கா ஓடி வந்து, விஷயம் புரிந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் காட்டினார். "யம்மா, வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கினே கீது."

ஜுவேரியா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்து இறங்கினாள்.

"ஏறட்டும்ணா," என்றாள். "கொஞ்ச நேரம் நில்லுங்க."